மாமாவின் நாக்கும் செலரி விதையும்

"ஐப்பசி 9, ஞாயிறு. வானம் மூட்டம், மழை இல்லை. புட்டியில் பூஜ்யம். கண் முகாமிலிருந்து மாமாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்த அழுத்தம், மேல் எண் நூற்று எழுபத்தெட்டு. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அடுத்த முகாம் கார்த்திகை 28."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். புட்டி என்பது மொட்டைமாடியில் நான் வைத்திருக்கும் மழை அளக்கும் கண்ணாடிப் புட்டி. மரக்காணத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் எடுத்து, மனு தட்டச்சு செய்து தரும் கடை என்னுடையது. மீதி நேரத்தில் நூலகத்தில் கிடைப்பதையெல்லாம் படிப்பேன். நாள் தவறாமல் குறிப்பு எழுதுவேன். முதல் மழை விழுந்த தேதி, அளத்தில் முதல் உப்பு வாரிய தேதி, எங்கள் தெருவிளக்கு எரியாமல் போன தேதி, மறுபடி எரிந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். அன்று முகாமில் எழுந்த சிரிப்பு மட்டும் இல்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

மாமா என்பவர் என் அக்காவின் வீட்டுக்காரர். நர்ஸம்மா அவர் கையிலிருந்து பட்டையைக் கழற்றிவிட்டு, "உப்ப நல்லா கொறைக்கணும் ஐயா. இன்னா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"உப்பளத்துல மேஸ்திரி."

பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாற்பது ஐம்பது பேரும் சிரித்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர், "கால் வழியா ஏறுறதையும் சேத்துச் சொல்லும்மா" என்றார். நர்ஸம்மாவும் சிரித்தார். மாமாவும் சிரித்தார். வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் அவர் முகம் மாறியிருந்ததைப் பார்த்தேன். வலது கண்ணில் புரை முற்றி, தன் செருப்பு எது, அடுத்தவர் செருப்பு எது என்று தெரியாமல் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் அளம் மூடியிருக்கும். தை மாதம் சேற்றை மிதித்துப் பாத்தி கட்டுவார்கள். மாசியில் முதல் உப்பு வாருவார்கள். கண்ணை அறுத்தால் நாற்பது நாளாவது வெயிலும் உப்புத் தண்ணீரும் படாமல் இருக்க வேண்டும். கார்த்திகை முகாமில் அறுத்துக்கொண்டால் மாசிக்குள் தேறிவிடலாம். அதை விட்டால் அடுத்தது பொங்கலுக்குப் பிறகு. அப்புறம் மாசி போய்விடும், வேறொருவர் மேஸ்திரி ஆகிவிடுவார். புரையோடு இன்னொரு பருவம் அந்த வெள்ளை வெளிச்சத்தில் நிற்கவும் முடியாது. முந்தின பருவத்திலேயே இரண்டு முறை வரப்பு என்று நினைத்துப் பாத்திக்குள் காலை வைத்திருக்கிறார். ஏழு வாரத்தில் அந்த எண் நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்க வேண்டும். மாத்திரை கொடுத்தார்கள். மீதி அக்காவின் அடுப்பில் இருந்தது.

மாமாவின் நாக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு கல் உப்பை நுனிநாக்கில் வைத்தால் அது எந்த வரிசை, எத்தனையாவது பாத்தி, அம்பாரத்தில் குவித்து எத்தனை நாள் கசிந்தது என்று சொல்வார். புது உப்பில் ஒரு கசப்பு இருக்கும், அது வடிய வேண்டும். வடிந்துவிட்டதா என்று மற்றவர்கள் கையால் தடவிப் பார்ப்பார்கள், மாமா நாக்கால் பார்ப்பார். நான் ஒருமுறை ஆறு பொட்டலம் கட்டி, ஆறிலும் எண் எழுதி சோதித்தேன். ஐந்து சரி. ஆறாவதில் நான்தான் எண்ணை மாற்றி எழுதியிருந்தேன் என்று பிறகு தெரிந்தது.

அப்படிப்பட்ட நாக்கின் முன்னால் அக்கா உப்பில்லாத குழம்பை வைத்தாள்.

"இன்னாமே இது? கொழம்பா, சட்டி கழுவுன தண்ணியா?"

"கண்ணு வேணுமா, கொழம்பு வேணுமா?"

"ரெண்டும்தான் வேணும்."

"அப்போ வாய மூடிக்கினு சாப்புடுங்க."

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று மாமா என்னைக் கேட்டார். நான் தனிக்கட்டை, மூன்று வேளையும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆகவே அந்த ஐப்பசியில் நானும் அதையேதான் தின்றேன். அக்கா மிளகைக் கூட்டினாள், புளியைக் கூட்டினாள், எலுமிச்சம்பழம் பிழிந்தாள். மாமா நாலு வாய் உண்டு தட்டைத் தள்ளுவார். பிறகு கொல்லைப்பக்கம் போய் வருவார்; வரும்போது சட்டைப்பையில் கருவாட்டு வாசனை வரும். முறத்தில் இருந்த நெத்திலி குறைவதைப் பார்த்து அக்கா முறத்தையே என் வீட்டுக்கு மாற்றினாள். ஐப்பசி 15, சனி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் மேல் எண் நூற்று எழுபத்தொன்று. நெத்திலியின் வேலை என்று அக்கா சொன்னாள்.

பதினெட்டாம் தேதி, செவ்வாய், காகிதம் வாங்கப் புதுச்சேரி போனவன் திரும்பும்போது கோட்டக்குப்பத்தில் இறங்கினேன். அங்கே மசாலா அரைக்கும் கடை வைத்திருக்கும் பாய் என் நண்பர். துபாயில் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்து, முழங்கால் வலியோடு ஊருக்கு வந்தவர். என்னைப் போலவே கிடைத்ததையெல்லாம் படிப்பவர். கதையைச் சொன்னதும், உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தார்.

"செலரி விதை. அங்க உப்புக் கூடாதுன்னு சொல்ற கெஸ்ட்டுக்கு இதத்தான் போடுவோம். கிழங்கு, முட்டைகோசு, மீன் சூப்பு, எல்லாத்துக்கும் ஒத்துக்கும்."

கடுகில் கால்வாசி இருக்கும். பழுப்பு நிறம், முதுகில் மெல்லிய கோடு. ஓமத்துக்குத் தம்பி என்று சொல்லலாம், அந்தக் காரம் இல்லை. விரலிடுக்கில் நசுக்கினால், புதுச்சேரி சூப்புக் கடைகளில் மேலே நறுக்கித் தூவும் பச்சைத் தண்டின் வாசனை வருகிறது. அதற்குப் பின்னால் வெயிலில் காய்ந்த வைக்கோல் மாதிரி ஒன்று, அதற்கும் பின்னால் லேசான கசப்பு. நாக்கில் வைத்தால், உப்பு இல்லாமலே உப்பு வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு மட்டும் வருகிறது. இதை நான் அன்றே எழுதி வைத்தேன்.

"ரெண்டு விரல்ல பிடிக்கிற அளவுதான். வறுக்கக் கூடாது. கடைசியில நசுக்கிப் போடணும். எழுதிக்குங்க தம்பி, நீங்கதான் எழுதுற ஆளாச்சே" என்றார் பாய். எழுதிக்கொண்டேன். அக்காவிடம் படித்தும் காட்டினேன்.

ஆனால் எங்கள் பக்கத்து அடுப்பில் வறுக்காத விதை என்று ஒன்று கிடையாது. மிளகு, சீரகம், மல்லி, வெந்தயம் எதுவானாலும் வாணலி சூடேறி, வாசனை தெருமுனைக்குப் போன பிறகுதான் அம்மிக்கு வரும். அக்கா என் குறிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே அவள் கை தானாக வாணலியை எடுத்து வைத்தது. பொட்டலத்தில் பாதியைக் கொட்டினாள்.

"அக்கா, வறுக்கக் கூடாதுன்னு சொன்னாரு."

"வறுக்காம போட்டா பச்ச வாசன அடிக்கும்டா. அவரு ஆம்பள, சும்மா சொல்லியிருப்பாரு."

"அவரு சமையல்காரருக்கா."

"நானு?"

அன்றைய சங்கரா மீன் குழம்பு வேப்பெண்ணெயில் வேகவைத்தது போல இருந்தது. மாமா ஒரு கவளம் வாயில் வைத்து, மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, "மருந்துன்னா மருந்துன்னு சொல்லிடுமே. கண்ண மூடிக்கினு முழுங்கிடுவேன்ல" என்றார். மறுபடி வெள்ளிக்கிழமை லேசாக வறுத்தாள், லேசாகக் கசந்தது. குழம்பைத் தெருநாய்க்கு வைத்தபோது அது முகர்ந்து பார்த்துவிட்டு எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு, "அந்தச் சீட்ட மறுபடி படி" என்றாள். படித்தேன். உருளைக்கிழங்கை வேகவைத்து, பூண்டு நசுக்கி, மிளகுத்தூள் தூவி, இறக்கும்போது இரண்டு விரல் அளவு விதையை உள்ளங்கையில் தேய்த்துப் போட்டாள். உப்பு கால் சிட்டிகை. மாமா இரண்டாவது முறை கை நீட்டினார்.

"எப்படி இருக்குது?"

"ஏதோ இருக்குது."

எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு. அடுத்த பத்து நாளில் முட்டைகோசு, நீர்மோர், மீன் தலை ரசம் என்று விதை ஒவ்வொன்றாக நுழைந்தது. ஐப்பசி 29: நூற்றைம்பது. அக்கா அந்த எண்ணைக் கரியால் சமையலறைச் சுவரில் எழுதினாள்.

கார்த்திகை மூன்றாம் தேதி பொட்டலம் தீர்ந்தது. கோட்டக்குப்பம் போனேன். பாய் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வீட்டம்மா அலமாரியில் தேடி, "செலரிதானே? இது அவரு துபாய்லேர்ந்து கொண்டாந்தது, எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு புட்டியைக் கொடுத்தார். என் குறிப்பு: "கார்த்திகை 3, புதன். மழை புட்டியில் இரண்டு விரல். செலரிப் பொடி, ஒரு புட்டி. பச்சை மூடி. ஒரு சாண் உயரம். முக்கால் பங்கு நிறைவு. மேலே தண்டும் இலையும் போட்ட படம். எழுத்து அரபியில்."

மறுநாள் மதியம் முதல் மாமா வேறு மனிதர் ஆனார்.

"இப்பதாம்மே கொழம்பு!" என்று அவர் சொன்னபோது அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். தட்டு வழித்த மாதிரி இருந்தது. அன்று முதல் புட்டி மாமாவின் கைக்குப் போனது. சோற்றின் மேல் தூவினார், அவித்த முட்டையில் தூவினார், கொய்யாப்பழத்தை நாலாக வெட்டி அதில் தூவினார். எனக்கும் பிடித்திருந்தது. ஒன்பது நாளும் வீட்டில் ஒரே கலகலப்பு. கொல்லைப்பக்கம் போவதை விட்டார். நெத்திலியைப் பற்றிக் கேட்கவேயில்லை. தெருவில் யாராவது வந்தால், "துபாய் மருந்து தம்பி, சாப்புட்டுப் பாரு" என்று அவர்கள் கையிலும் கொஞ்சம் கொட்டினார். "உப்பே இல்லாம எவ்ளோ ருசி பாத்தியா?" என்று என்னிடம் அடிக்கடி சொன்னார். நானும் அதை நாட்குறிப்பில் மகிழ்ச்சியோடு பதிந்திருக்கிறேன்.

கார்த்திகை 13, சனி. நூற்று எழுபத்திரண்டு.

நர்ஸம்மா பட்டையை இன்னொரு கையில் கட்டிப் பார்த்தார். அதே எண். முகாமுக்குப் பதினைந்து நாள் இருந்தது. வீட்டுக்கு வந்தோம். அக்கா சுவரில் இருந்த நூற்றைம்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மறைச்சு ஏதாவது தின்னீங்களா?" என்று கேட்டாள். "உன்மேல சத்தியமா இல்ல" என்றார் மாமா. "இந்த வருசம் கண்ணு இல்லமே. வுட்டுடு. வேற ஆளு மேஸ்திரியா இருக்கட்டும்."

நான் என் நாட்குறிப்பை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். கீழே இறங்கிய எண் எந்த நாளில் ஏறத் தொடங்கியிருக்கும்? புதிதாக வந்தது என்ன? ஒரே ஒரு பொருள்தான், கார்த்திகை மூன்றாம் தேதி. அலமாரியில் இருந்த புட்டியை எடுத்தேன். படம் சுவரைப் பார்த்து இருந்தது. கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து, பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த ஆங்கில எழுத்தைப் படித்தேன். என்னென்ன சேர்ந்தது என்ற வரிசையில் முதல் சொல் உப்பு. இரண்டாவதுதான் செலரி விதை.

மூடியின் நிறத்தைப் பதிந்தேன், உயரத்தை அளந்தேன், எவ்வளவு நிறைந்திருந்தது என்றுகூட எழுதினேன். பின்பக்கத்தைத் திருப்பவில்லை. பிறர் மனுவில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் சுட்டிக்காட்டும் ஆள் நான்.

"அக்கா," என்றேன், "இது உப்பு."

"எது?"

"இந்தப் புட்டிதான். உப்புலதான் செலரியக் கலந்திருக்கான். முக்காவாசி உப்பு."

அக்கா புட்டியை வாங்கினாள், நக்கிப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "மரக்காணத்து உப்பளத்து மேஸ்திரிக்கு… துபாய்லேர்ந்து… உப்பு!"

மாமா கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். "நம்ம அளத்துதானோ என்னவோ. கப்பல் ஏறிப் போயி, பச்ச மூடி போட்டுக்கினு திரும்பி வந்திருக்குது" என்றார். காரணம் தெரிந்துவிட்டதால் அன்று யாருக்கும் பயம் இல்லை. உடம்பு கெடவில்லை, உப்புதான் வந்திருக்கிறது. வந்த வழியில் அனுப்பிவிடலாம்.

ஊர் திரும்பியிருந்த பாய்க்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுநாள் ஞாயிறு, மழை தூறிக்கொண்டிருந்தபோதே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் பெரிய பொட்டலம், முகத்தில் சவரம் செய்யாத இரண்டு நாள். "எங்க வீட்டம்மா அழுதுகிட்டு இருக்காங்க, மன்னிச்சிடுங்க" என்றார். "அழச் சொல்லாதீங்க பாய். ஒம்போது நாளு எங்க வூட்டுல சண்டையே இல்ல" என்றாள் அக்கா.

அன்று சமையலறையில் நடந்ததை முழுக்க எழுத இடம் போதாது. பாய் முழங்காலை நீட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து சொல்ல, அக்கா நின்றுகொண்டு மறுத்தாள். மீன் தலையைச் சின்ன வெங்காயம், தக்காளியோடு கொதிக்கவைத்து இறக்கி, விதையைத் தட்டிப் போட்டு மூடச் சொன்னார் பாய். "மூடி வையுங்க தங்கச்சி, வாசன ஓடிடும்." அது நன்றாக வந்தது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, நன்றாக வந்தது என்பதால். உடனே காலையில் வாங்கிய பால்சுறாவை எடுத்தாள். வேகவைத்து, தோல் உரித்து, மஞ்சள் போட்டு உதிர்த்து, இஞ்சியும் பூண்டும் பச்சைமிளகாயும் வதக்கிப் புட்டு கிளறினாள். இறக்கிய பிறகு, விதையைப் பூண்டுப் பல்லோடு அம்மியில் ஒரே இழுப்பு இழுத்து, அதைச் சுடச்சுடப் புட்டில் பிசிறி, மேலே எலுமிச்சம்பழம் பிழிந்தாள். உப்பு, மீனில் இருந்ததுதான்.

பாய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முக்காலியிலிருந்து எழுந்து நின்றார். "இத துபாய்ல யாரும் செய்யல."

"அவங்களுக்கு அம்மி ஏது?" என்றாள் அக்கா.

மாமா மூன்றாவது முறை கை நீட்டினார். நான் எண்ணினேன்.

செலரி விதை ரத்த அழுத்தத்தைக் குறைத்தது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. குறைத்தது மாத்திரையும் உப்பைக் குறைத்ததும்தான். விதை செய்தது, அந்த மனிதரைத் தட்டின் முன்னால் எழாமல் உட்கார வைத்தது. கார்த்திகை 27: நூற்று முப்பத்தாறு. 28, ஞாயிறு: முகாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்தபோது அக்கா எதிரில் நின்றாள். மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமே, இவ்ளோ நரைச்சிட்டியா?"

"எண்ணெ தேச்சிக்கினு வந்தேன் பாருங்க உங்களுக்காக" என்று அவள் அவர் தோளில் ஒன்று வைத்தாள். நர்ஸம்மா ஓடிவந்து, "கண்ணு, கண்ணு" என்று கத்தினார்.

மாசி ஆறாம் தேதி அளத்தில் முதல் உப்பு வாரினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாமா வரப்பின் மேல் நடந்தார், ஒரு முறையும் கால் தவறவில்லை. பாத்தியில் பலகை இழுபடும் ஓசை கிழக்கேயும் மேற்கேயும் கேட்டது. முதல் வாரலில் ஒரு பிடியைத் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைய குழம்புக்கு அந்த உப்புதான். அக்கா அதிலிருந்து இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு, மீதியைத் தூக்கி மேலே வைத்தாள். குறைக்கு விதையைத் தேய்த்துப் போட்டாள்.

மாமா துண்டில் ஒட்டியிருந்த ஒரு கல்லை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "கெழக்கு வரிசை, மூணாவது பாத்தி. கசப்பு வடியல, பத்து நாளு ஆவும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமா, அந்த பச்ச மூடி. ஒம்போது நாளு சாப்புட்டீங்களே. அது உப்புன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குக் கண்ணு தெரியலயே தம்பி அப்போ."

"நாக்குமா தெரியல?" என்றாள் அக்கா. "நான் அந்தப் படம் வெளிய தெரியுற மாதிரிதானே வெப்பேன்? அத யாரு செவத்து பக்கம் திருப்பி, பின்னால என்னா எழுதியிருக்குதுன்னு பாத்தது?"

"பல்லி திருப்பியிருக்கும். கொழம்பு ஆறுதுமே, ஊத்து" என்றார் மாமா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

அன்றைய பதிவு: "மாசி 6. வானம் தெளிவு. புட்டியில் பூஜ்யம். முதல் வாரல். மாமாவின் கண் நன்று. கார்த்திகை 4 முதல் 12 வரை அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது விசாரிக்கப்பட்டது, உறுதியாகவில்லை."